அரைக் கட்டை இறங்கிய பாட்டு: ஒலி மாறிய ராக் குழுவை நேரில் கேட்கப் போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் ராக் கச்சேரி நடப்பதில்லை. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று வடக்கிலும் கிழக்கிலும் போனாலும், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று தெற்கே இறங்கினாலும், மேடை எழும்புவது கோயில் திருவிழாவுக்கு, சந்தனக்கூட்டுக்கு, மாதா கோவில் கொடியேற்றத்துக்கு. ஆனால் ராக் கேட்பவர்கள் இங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் தொடங்கியவர்கள் ஒரு தலைமுறை. கைபேசியில் தொடங்கியவர்கள் அடுத்தது. இப்போது அந்தக் குழுக்கள் எட்டும் தூரத்துக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. 2025 ஜனவரியில் கோல்ட்பிளே அபுதாபியில் நான்கு நாள், மும்பையில் மூன்று நாள், அகமதாபாத்தில் இரண்டு நாள் வாசித்தது. அதே ஆண்டு மே 17 அன்று கன்ஸ் அன்ட் ரோசஸ் மும்பைக்கு வந்தது. 2026 ஜனவரிக்கு லிங்கின் பார்க்கின் இந்தியப் பயணம் அறிவிக்கப்பட்டது.

ஒவ்வோர் அறிவிப்பின்போதும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது நாம் கேட்டு வளர்ந்த அதே குழுதானா? பழைய பாட்டைப் பழையபடி பாடுவார்களா? முதல் கேள்விக்குக் குழுவுக்குக் குழு பதில் வேறு. இரண்டாவதற்கு ஏறக்குறைய எல்லாக் குழுவுக்கும் ஒரே பதில்: மாட்டார்கள். அதற்குக் காரணம் அலட்சியமோ ஏமாற்றோ என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டியதில்லை. ஏமாற்று நடக்கும் இடம் ஒன்று உண்டு. அது பலரும் புகார் சொல்லும் இடமல்ல.

ஒலி என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு

"குழுவின் ஒலி மாறிவிட்டது" என்கிறோம். எது மாறியது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். பிரித்துப் பார்க்கலாம்.

1. குரல். யார் பாடுகிறார், எந்த வயதில் பாடுகிறார், கத்துகிறாரா இழைக்கிறாரா.

2. சுருதி. பாட்டு எந்தக் கட்டையில், அதாவது எந்த ஸ்வர உயரத்தில், நிற்கிறது.

3. வாத்தியத்தின் நிறம். கிதார் கரகரப்பாக இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா. டிரம்ஸ் தோலில் அடிக்கப்படுகிறதா, கணினியில் பிறக்கிறதா.

4. கலவை. மேலே சொன்ன மூன்றும் எந்த விகிதத்தில் சேர்ந்து ஸ்பீக்கருக்கு வருகின்றன. மைதானத்தில் இதைத் தீர்மானிப்பவர் மேடையில் இல்லை. கூட்டத்தின் நடுவே, ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியின் முன்னால் நிற்கிறார்.

இவற்றில் சுருதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றம் அங்கே தொடங்குகிறது, அதுதான் கண்டுபிடிக்கப்படாமலும் போகிறது. வழக்கமான முறையில் சுருதி சேர்த்த கிதாரின் மிகத் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆர்மோனியக் கணக்கில் அந்த ஸ்வரம் மூன்று கட்டை. எல்லாத் தந்திகளையும் அரைக் கட்டை தளர்த்தினால் அது 77.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, இரண்டரைக் கட்டையாகிறது. மெட்டாலிகா 1990களின் நடுவிலிருந்து மேடையில் செய்வது இதைத்தான். அந்தக் குழு 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது, 1980களின் பாடல்கள் ஒலித்தட்டில் இருப்பதைவிட அரைக் கட்டை கீழேதான் ஒலித்தன. கேட்பவருக்கு இது எண்ணாகத் தெரியாது. பாட்டு கொஞ்சம் கனத்து, கொஞ்சம் மந்தமாகி, அந்தப் பழைய மினுமினுப்பை இழந்ததுபோல் இருக்கும். "வேகத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்றுகூடச் சிலர் சாதிப்பார்கள். வேகம் அப்படியே இருந்திருக்கும்.

நமக்கு இது புதிதல்ல. ஊர்வலத்தில் தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது திமிரி நாகஸ்வரம்: குட்டையான குழல், உயர்ந்த சுருதி, காதைத் துளைக்கும் ஒலி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீண்ட குழலும் இறங்கிய சுருதியும் கொண்ட பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தினார். அன்று திமிரிக்குப் பழகிய காது முகம் சுளித்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? இன்று கல்யாண வீட்டில் நாம் "நாகஸ்வரத்தின் அசல் ஒலி" என்று உருகுவது அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த ஒலியை.

ஏன் மாறுகிறது

1. உடம்பு. குரல் நாண்கள் தசையும் சவ்வும். வயது ஏற ஏற அவற்றின் நெகிழ்வு குறைகிறது. உச்ச ஸ்வரங்கள் முதலில் விடைபெறுகின்றன. ராக் பாடகருக்குச் சிக்கல் இன்னும் அதிகம். இருபத்திரண்டு வயதில், ஸ்டூடியோவில், பல தடவை பாடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு கத்தலை, ஐம்பது வயதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மேடையில் கத்திக்காட்ட வேண்டும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் 1990களின் தொடக்கத்தில் குரலைக் கெடுத்துக்கொண்டு, பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து வேறு விதமாகப் பாடக் கற்றார். ஜான் பான் ஜோவி 2022இல் குரல் நாணுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். காதும் உடம்புதான்: ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் செவித்திறனை முற்றிலும் இழக்க நேரிடும் என்ற மருத்துவ எச்சரிக்கையால் பயணத்தின் நடுவே விலகினார், மீதி நாட்களில் பாட வந்தவர் கன்ஸ் அன்ட் ரோசஸின் ஆக்ஸல் ரோஸ்.

2. ஆள். லிங்கின் பார்க்கின் செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலை 20 அன்று இறந்தார். ஏழு ஆண்டு அமைதிக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங் புதிய பாடகராகவும் கோலின் பிரிட்டன் புதிய டிரம்ஸ் கலைஞராகவும் சேர்ந்தார்கள். நவம்பரில் புதிய ஆல்பம் வந்தது. கிதார் கலைஞர் பிராட் டெல்சன் குழுவில் தொடர்ந்தாலும் பயணம் செய்வதில்லை. மேடையில் அவர் இடத்தில் அலெக்ஸ் ஃபெடர் வாசிக்கிறார். ஒரு ஆணின் குரலுக்குக் கட்டிய பாட்டை ஒரு பெண்ணின் குரலில் பாட வேண்டுமென்றால் சில பாடல்களுக்குக் கட்டை மாற வேண்டும், மாற்றினார்கள். கட்டை மாறினால் கிதாரின் விரல் இடங்கள் மாறும், திறந்த தந்தியின் முழக்கம் சில இடங்களில் காணாமல் போகும். ஒரு ஆள் மாறினால் குரல் மட்டும் மாறுவதில்லை.

3. சலிப்பு. இதைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கோல்ட்பிளேயில் 1990களின் கடைசியில் இருந்த அதே நால்வர் இன்றும் இருக்கிறார்கள். குரலும் பெரிதாக உடையவில்லை. ஆனாலும் 2000இல் வந்த முதல் ஆல்பத்தின் அடக்கமான கிதார் பாடல்களுக்கும், 2021இல் பாப் உலகின் மேக்ஸ் மார்ட்டினைத் தயாரிப்பாளராக வைத்துச் செய்த விண்வெளி வண்ண ஆல்பத்துக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது. இடையில், 2008இல், தயாரிப்பாளர் பிரையன் ஈனோ வந்து அவர்களைப் பழைய வழக்கத்திலிருந்து பிடுங்கினார். ரேடியோஹெட் இன்னும் முரட்டுத்தனமாகச் செய்தது. 1997இல் கிதார் ராக்கின் உச்சம் என்று கொண்டாடப்பட்டவர்கள், 2000 அக்டோபரில் கிதாரைப் பெரும்பாலும் ஓரங்கட்டி, மின்னணு ஒலிகளும் கணினித் தாளங்களுமாக ஒரு ஆல்பத்தைக் கொடுத்தார்கள். விற்பனைக்கென்று ஒரு தனிப்பாடலைக்கூட முன்கூட்டி வெளியிடவில்லை.

4. சந்தை. உண்டு. ஆனால் எல்லா மாற்றத்துக்கும் இதையே காரணமாகச் சொல்வது சோம்பேறி விமர்சனம்.

பெயர் வேறு, குழு வேறு

குழுவின் பெயர் சட்டப்படி ஒரு சொத்து. மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் பிங்க் ஃபிளாய்டிலிருந்து விலகியபின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்காடினார். 1987இல் உடன்பாடு ஏற்பட்டு, டேவிட் கில்மோரும் நிக் மேசனும் அந்தப் பெயரிலேயே தொடர்ந்தார்கள்.

இந்திய ரசிகர்களுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கன்ஸ் அன்ட் ரோசஸ். அந்தக் குழு 2012 டிசம்பரில் பெங்களூர், மும்பை, குருகிராம் நகரங்களுக்கு வந்தது. சுவரொட்டியில் அதே பெயர், அதே சின்னம். ஆனால் 1987இன் புகழ்பெற்ற ஆல்பத்தில் இருந்தவர்களில் மேடையில் நின்றவர் பாடகர் ஆக்ஸல் ரோஸ் ஒருவர் மட்டுமே. கிதார் கலைஞர் ஸ்லாஷ் 1996இலும் பேஸ் கிதார் கலைஞர் டஃப் மெக்கேகன் 1997இலும் வெளியேறியிருந்தார்கள். இருவரும் 2016இல் திரும்பினார்கள். எனவே 2025 மே மாதம் மும்பை வந்தது, பெயரளவில் அதே குழு. கேட்பவருக்கு வேறு குழு. வேடிக்கை என்னவென்றால், 2012இல் ஆக்ஸலின் குரல் பதின்மூன்று ஆண்டு இளமையாக இருந்தது, கிதார் வேறு யாருடையதோ. 2025இல் கிதார் அசல், குரலுக்கு வயதாகிவிட்டது. எது "உண்மையான" குழு என்று இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் போனவர்கள் விடியும்வரை வாதாடலாம்.

மேடையில் பழைய பாட்டுக்கு என்ன ஆகிறது

முதலில் கணக்கு. ஒரு குழு பத்து ஆல்பம் போட்டிருக்கிறது, ஒவ்வொன்றிலும் பதினோரு பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 110. நிகழ்ச்சி இரண்டு மணி நேரம். பேச்சும் கைதட்டலும் சேர்த்துப் பாட்டுக்கு ஐந்தரை நிமிடம் என்றால் ஏறக்குறைய 22 பாட்டு. ஆல்பத்துக்கு இரண்டு. ஆனால் பயணமே புதிய ஆல்பத்துக்காகத்தான். அதற்கு ஐந்து போகும். எல்லோரும் எதிர்பார்க்கும் பெரிய பாட்டுகள் எட்டு, பத்து. மிச்சம் இருக்கும் ஏழெட்டு இடத்துக்கு எண்பது, தொண்ணூறு பாட்டுகள் வரிசையில் நிற்கின்றன. மூன்றாவது ஆல்பத்தின் ஏழாவது பாட்டுக்காக ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் இன்னொரு கத்தரியும் உண்டு: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மாநில அரசு குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கினால் வெட்டுப்படுவது பாட்டுதான்.

மெட்டாலிகா 2023இல் தொடங்கிய பயணத்தில் இதற்கு ஒரு வழி கண்டது: ஒரு நகரில் இரண்டு இரவு, முதல் நாள் பாடிய எதையும் இரண்டாம் நாள் பாடுவதில்லை. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இரண்டு டிக்கெட்.

வரிசைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ராமநாதபுரம் சமஸ்தான வித்வானாக இருந்த பூச்சி சீனிவாச ஐயங்காரின் சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இன்றைய கர்நாடகக் கச்சேரி வரிசைக்கு வடிவம் தந்தவர்: வர்ணத்தில் சூடேற்றி, நடுவே கனமானதை வைத்து, கடைசியில் துக்கடாக்கள். ராக் மேடையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. விறுவிறுப்பான இரண்டு பாட்டில் தொடக்கம், கூட்டம் களைப்படையாத நேரத்தில் புதியவை, எல்லோரும் சேர்ந்து பாடும் பழையவை கடைசியில். புதிய பாட்டு வரும்போது தண்ணீர் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

இனி, இடம் பிடித்த பழைய பாட்டுக்கு நேரக்கூடியவை:

1. அப்படியே பாடுவது, கட்டையை மட்டும் இறக்கி. மிகப் பொதுவானது.

2. புதிய உடை உடுத்துவது. லிங்கின் பார்க் 2017இல் மென்மையான பாப் பக்கம் சாய்ந்த ஆல்பத்துடன் பயணம் போனபோது, 2000ஆம் ஆண்டின் முதல் ஆல்பத்தில் கத்தலும் கரகரப்புமாக இருந்த "கிராலிங்" பாட்டைப் பியானோ மட்டும் வைத்துப் பாடினார்கள். அந்தப் பயணத்தின் நேரடிப் பதிவில் இது இருக்கிறது. முதல் தடவை கேட்டால் ஏதோ பறிக்கப்பட்டதுபோல் இருக்கும். கத்தலின் அடியில் புதைந்திருந்த மெட்டு வெளியே வந்ததைக் கவனிக்க இன்னொரு தடவை தேவை.

3. எதிர்த்திசையில் நடப்பது. ஆல்பத்தில் சில்லிட்ட மின்னணுப் பாட்டாக இருந்தது மேடையில் ரத்தமும் சதையுமாக மாறும். ரேடியோஹெட் கணினியில் கட்டிய தாளங்களை மேடையில் டிரம்ஸ் வைத்து அடித்தது. 2001இல் வந்த நேரடிப் பதிவு, 2000ஆம் ஆண்டின் அந்த மின்னணு ஆல்பத்தை வெறுத்த பலரைச் சமாதானப்படுத்தியது. புதிய ஒலி பிடிக்கவில்லை என்பதற்காகவே போகாமல் இருப்பவர்கள் தவறவிடுவது இதை.

4. கைவிடுவது. ஸ்வீடனின் ஓபெத் குழு 2009இல் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் வாசித்தது. அப்போது அவர்களின் அடையாளம், மென்மையான பாட்டும் தொண்டையின் அடியிலிருந்து எழும் உறுமலும் மாறி மாறி வருவது. 2011இல் உறுமலே இல்லாத ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதை ஒட்டிய முதல் பயணத்தில் பழைய உறுமல் பாடல்களையும் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு மேடையில் உறுமல் திரும்பியது, ஆல்பத்தில் திரும்ப 2024 ஆனது. 2009இல் சென்னையில் கேட்டவர்கள் தங்களை அறியாமலே ஒரு காலகட்டத்தின் முடிவைக் கேட்டிருக்கிறார்கள்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதற்கு எண் கொடுக்க மனமில்லை. முன்பே பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டு, அதன்மேல் வாசிப்பதும் பாடுவதும். நம்மூர் மேடைகளில் டிராக் போட்டுப் பாடுவதை அறியாதவர் இல்லை. இதிலும் அளவு இருக்கிறது. ஒளி, திரை, வாணவேடிக்கை எல்லாம் பாட்டோடு நொடி பிசகாமல் இணைய வேண்டுமென்றால், டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் ஒரு கிளிக் ஒலி ஓடியே தீர வேண்டும். ஆல்பத்தில் இருந்த வயலின் கூட்டத்தையோ கோரஸையோ டிராக்கிலிருந்து எடுப்பதும் பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். பாடகரின் முதன்மைக் குரலையே இருபது ஆண்டு பழைய பதிவிலிருந்து கலந்துவிடுவதுதான் எல்லை மீறல். ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் கட்டை இறக்கியவர்மேல் பாய்கிறது. அவர், "என் குரல் இன்று இவ்வளவுதான்" என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பழைய குரலை ஒளித்துவைத்து வாயசைப்பவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

மைதானம், காற்று, மைக் செட்

குழுவின் தலையில் கட்டப்படும் குறைகளில் பாதி, காற்றின் வேலை. கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது.

திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டும் கூம்புக் குழாய் ஏன் அடுத்த ஊர்வரை கேட்கிறது, ஆனால் அதில் ஏன் தவிலின் அடிநாதம் இல்லை? கூம்பு நடுத்தர ஒலிகளை ஒரு திசையில் கூட்டி வீசுகிறது; தாழ்ந்த ஒலியின் அலை பல மீட்டர் நீளம், அதைச் சின்னக் கூம்பால் பிடித்துத் தள்ள முடியாது. பெரிய நிகழ்ச்சிகளில் மேடையின் இருபுறமும் வாழைச் சீப்புபோல் வளைந்து தொங்கும் ஸ்பீக்கர் வரிசை, பல பெட்டிகளை ஒன்றாக இயக்கி ஒலியைத் தொலைவுக்குச் செலுத்துகிறது. அடிநாதத்துக்குத் தரையில் தனிப் பெட்டிகள்.

30 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு 0.29 விநாடி தாமதமாக வரும். நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டில் ஒரு அடிக்கு அரை விநாடி. ஆகவே பாதி அடிக்கும் மேலான பிந்தல். நடு மைதானத்தில் இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் வைத்தால், அதற்கு அனுப்பும் ஒலியை அதே அளவு தாமதப்படுத்தி அனுப்ப வேண்டும். பிசகினால் ஒவ்வொரு டிரம்ஸ் அடியும் இரண்டாகக் கேட்கும். "டிரம்ஸ்காரருக்கு வயதாகிவிட்டது" என்ற தீர்ப்பைச் சொல்லுமுன் பத்து மீட்டர் நகர்ந்து கேட்பது நியாயம்.

காற்று இன்னொரு கதை. தரையருகே காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். காற்றடிக்கும் திசையில் போகும் ஒலி தரையை நோக்கி வளையும். எதிர்த்துப் போவது மேல்நோக்கி வளைந்து தலைக்குமேல் போய்விடும். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதத்தில் கேட்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, வாடைக் காலத்தில் மங்கிப்போவதும், காற்று திரும்பியதும் மறுபடி வருவதும் இதனால்தான். திறந்த மைதானத்தில் உயர் ஒலிகள் அலையலையாக வந்து போனால், மிக்சரில் இருப்பவர் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை.

கடைசியாக, அளவு. 1933இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது: ஒலி பலமாகும்போது நம் காது தாழ்ந்த ஸ்வரங்களைக் கூடுதல் விகிதத்தில் உணர்கிறது. காதுக்கருவியில் மெலிதாகக் கேட்ட பாட்டு, மைதானத்தில் நெஞ்சை இடிக்கும் வேறொரு பாட்டாகத் தோன்றுவதில் காதின் பங்கும் உண்டு.

அசல் என்பது எது?

நாம் ஒப்பிடும் அந்த "பழைய ஒலி" எங்கே இருக்கிறது? ஆல்பத்தில் என்பது எளிய பதில். ஆனால் ஆல்பம் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், மத்திய அலை வானொலி தரையைவிடக் கடலின்மேல் வலுக்குறையாமல் பயணம் செய்யும். அதனால்தான் இந்தக் கரையில் இலங்கை வானொலி அவ்வளவு துல்லியம். அதன் ஆங்கிலச் சேவை வழியாகத்தான் ஒரு தலைமுறை மேற்கத்திய இசையை முதலில் கேட்டது. ஆனால் மத்திய அலையில் ஏறக்குறைய 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடும். சிம்பலின் "ச்ச்" என்ற சிதறலில் பெரும் பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அந்தத் தலைமுறையின் மனதில் பதிந்த பாட்டில் சிம்பலே பாதிதான். அடுத்து வந்த கேசட்டில், டேப் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் பாட்டு மெதுவாகிச் சுருதியும் இறங்கும். உப்புக்காற்றும் வெயிலும் பெல்ட்டுக்கு என்ன செய்யும் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. மெட்டாலிகா தந்தியைத் தளர்த்துவதற்கு முன்பே, அரைக் கட்டை இறக்கிய மெட்டாலிகாவை ராமநாதபுரம் மாவட்டத்தில் யாரோ கேட்டிருப்பார்கள்.

ஆல்பமும் புனிதமானதல்ல. 2008இல் வந்த மெட்டாலிகா ஆல்பம், சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக அளவுமீறி அழுத்தப்பட்டதால் ஒலி சிதைந்திருந்தது. ஒரு வீடியோ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் தெளிவாக இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள்.

இத்துடன் பழக்கம் சேர்கிறது. ஒன்றை அடிக்கடி எதிர்கொள்வதாலேயே அது பிடித்துப்போகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் ஜாயன்ஸ் 1968இல் சோதனைகளால் காட்டினார். பதினாறு வயதில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டோடு, நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் மூன்று தடவை கேட்ட பாட்டைப் போட்டியிட விட்டால் புதிய பாட்டு தோற்கும். குழு அதை மட்டமாக எழுதியதால் தோற்றிருக்கலாம்; இந்தக் கணக்கால் மட்டுமே தோற்றிருக்கவும் கூடும்.

டிக்கெட் வாங்குமுன்

1. மேடையில் யார் யார் என்று பாருங்கள். குழுவின் பெயரை விட்டுவிட்டு ஆட்களின் பெயரைத் தேடுங்கள்.

2. அதே பயணத்தில், இரண்டு வாரத்துக்குள் நடந்த நிகழ்ச்சியின் பாடல் பட்டியலையும் கூட்டத்தில் எடுத்த காணொளியையும் பாருங்கள். குழு வெளியிடும் பளபளப்பான பதிவில் குரல் திருத்தப்பட்டிருக்கலாம்; கைபேசிப் பதிவு பொய் சொல்லாது. கிளைமாக்ஸ் கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள், பட்டியலை மட்டுமாவது பார்க்கலாம்.

3. புதிய ஆல்பத்தைக் குறைந்தது பத்து தடவை கேளுங்கள். பிடிக்காவிட்டாலும். மேடையில் அந்த ஐந்து பாட்டும் எப்படியும் வரும்.

4. நிற்பதற்குச் சிறந்த இடம் மிக்சர் கூடாரத்துக்குச் சற்று முன்னால். ஒலிப் பொறியாளர் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்தின் ஒலியை. மேடையை ஒட்டிய விலையுயர்ந்த இடம் முகம் பார்க்க நல்லது, காதுக்கு அல்ல.

5. காதடைப்பான் கொண்டுபோங்கள். நிகழ்ச்சிகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் (NIOSH) பரிந்துரைப்படி 100 டெசிபலை ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான் தாங்கலாம். நிகழ்ச்சி இரண்டு மணி நேரம்.

6. பயணத்தில் இடைவெளி விடுங்கள். 2011இல் குருகிராமில் அக்டோபர் 28 அன்று நடக்க வேண்டிய மெட்டாலிகா நிகழ்ச்சி நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் நடந்தது. டிக்கெட் பணம் திரும்பி வரலாம். ரயிலுக்கும் விடுதிக்கும் கொடுத்தது வராது. பெங்களூர் போகிறவர்களுக்கு மதுரையில் மாறுவதுதான் பெரும்பாலும் வழி, ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கே நூறு கிலோமீட்டருக்குமேல். கோல்ட்பிளே வந்த 2025 ஜனவரியில் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. 2022 டிசம்பரிலிருந்தே நிறுத்தம், தீவுக்காரர்கள் பஸ் பிடித்து மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ வந்துதான் ஏற வேண்டியிருந்தது. ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப்பாலம் திறந்தபின் மறுபடி ராமேஸ்வரத்திலேயே ஏறலாம். திரும்பும் டிக்கெட்டை மட்டும் அன்றிரவுக்கு எடுக்காதீர்கள். பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்தாலும், ஐம்பதாயிரம் பேர் ஒரே வாசலில் வெளியே வரும்போது பதினொரு மணி ரயில் காத்திருக்காது.